வெளிக் குசினி: வீட்டோடு ஒட்டிய சாய்ப்பா, தள்ளி நிற்கும் கொட்டிலா?

மலையகத்தில் வெளிக் குசினி போட நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது தகரமா ஓடா என்றுதான். அது மூன்றாவது கேள்வி. புகை எந்தப் பக்கம் போகும் என்பது முதல் கேள்வி, மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் வீட்டுச் சுவரோடு சாய்ப்பு இறக்குவதா, தள்ளித் தனிக் கொட்டில் போடுவதா என்பது பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும்.

கரையோர ஊர்களில் நாலு தூணும் ஒரு கூரையும் இருந்தால் வெளியே சமைக்கலாம். இங்கே அது நடக்காது. மழை நேராக விழும் நாளைவிடச் சாய்ந்து அடிக்கும் நாள் அதிகம். விறகு காய்வதில்லை, தரை காய்வதில்லை, காற்று மலை இடுக்கில் திரும்பித் திரும்பி வரும். அதனால் கீழே சொல்லும் அளவுகளெல்லாம் ஒரே அளவுக் குசினியை வைத்துக் கணக்கிட்டவை: அகலம் 8 அடி, நீளம் 10 அடி. இரண்டு அடுப்பு, ஒரு மேடை, ஒரு தொட்டி, விறகு அடுக்க இடம், இரண்டு பேர் நின்று வேலை செய்ய இடம் எல்லாம் இதற்குள் அடங்கும். இதைவிடச் சின்னதாகப் போட்டால் விறகு வெளியே போகும், மழைக்காலத்தில் அடுப்பு எரியாது.

சாய்ப்பு: மலிவு உண்மை, உயரம் பொய்

மேசன் பாஸ் வந்து இடத்தைப் பார்த்தவுடன் சொல்வது அனேகமாகச் சாய்ப்பைத்தான். “சுவரோட சேத்து எறக்கிப்புடுவோம் அக்கா, மூணு தூணு மிச்சம்.” அவர் சொல்வது சரிதான். மூன்று தூண், ஒரு நீள வளை (தூண்களின் மேல் கிடந்து கூரையைத் தாங்கும் மரம்), ஒரு பக்கச் சுவர் எல்லாம் மிச்சமாகும். லைட்டும் தண்ணீரும் வீட்டிலிருந்தே இழுத்துக்கொள்ளலாம். கொதிக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓட வேண்டியதில்லை.

சிக்கல் அளவு நாடாவை எடுத்தவுடன் தெரியும். சாய்ப்புத் தகரத்தின் மேல் நுனி வீட்டுக் கூரையின் விளிம்புக்குக் கீழே புக வேண்டும். அப்போதுதான் வீட்டுக் கூரையின் தண்ணீர் சாய்ப்பின் மேல் விழும், சுவர் வழியாக உள்ளே இறங்காது. லயங்களிலும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பழைய தோட்டக் குவாட்டர்ஸ்களிலும் இந்த விளிம்பு ஏழு, ஏழரை அடி உயரத்தில் இருக்கும். ஏழரை என்றே வைத்துக்கொள்வோம். அரை அடி விட்டு, 7 அடியில் தகரம் தொடங்குகிறது. நெளித் தகரத்துக்கு இங்கத்தைய மழையில் 10 பாகைச் சரிவாவது வேண்டும். 10 பாகை என்றால் ஒவ்வொரு அடிக்கும் 2 அங்குலத்துக்குச் சற்று மேல் இறக்கம். 8 அடி அகலமும் 2 அடி வெளி நீட்டமும் சேர்ந்தால் 10 அடிக்கு 1 அடி 9 அங்குலம் இறங்கும். விளிம்பு 5 அடி 3 அங்குலத்தில் வந்து நிற்கும். உள்ளே போகும் ஒவ்வொருவரும் குனிய வேண்டும், குனிய மறந்தவருக்கு நெற்றியில் தகர வெட்டு.

இதைத் தவிர்க்க மூன்று வழி பார்ப்பார்கள். சரிவை 5 பாகையாகக் குறைப்பது ஒன்று. அப்போது காற்றுத் தள்ளும் தண்ணீர் தகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்த இடத்தில் மேல்நோக்கி ஏறி ஒழுகும். அகலத்தை 5 அடியாகச் சுருக்குவது இன்னொன்று. அது குசினி ஆகாது, நடைபாதைதான். மூன்றாவது தரையைத் தோண்டி இறக்குவது. இது மோசமான வழி. வீட்டு அத்திவாரத்தை ஒட்டித் தோண்டுகிறீர்கள், மழைத் தண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் வரும்.

உயரத்தைவிடப் பெரிய விஷயம் புகை. சூடான புகை கூரைக்குக் கீழே சரிவோடு மேலேறிப் போகும். சாய்ப்பில் மேடான பக்கம் எது? வீட்டுச் சுவர். ஆகவே புகை வீட்டுக் கூரை விளிம்புக்குக் கீழே கூடி, அங்கிருக்கும் இடைவெளி வழியாக வீட்டுக்குள் நுழையும். முன்பக்கத்தை எவ்வளவு திறந்து வைத்தாலும் இது மாறாது. சாய்ப்புக் குசினி உள்ள வீடுகளில் உள் அறையின் மேல்சுவர் கறுத்திருப்பதற்குக் காரணம் அடுப்பல்ல, கூரை சாயும் திசை.

லயத்தில் இது பக்கத்து வீட்டுக்காரரின் பிரச்சினையும் ஆகிறது. கூரை மரங்கள் காம்பிராவுக்குக் காம்பிரா (லயத்து வீடு ஒவ்வொன்றும் ஒரு காம்பிரா) தொடராக ஓடும். நடுச்சுவர் பல இடங்களில் கூரை வரை எழுந்திருக்காது. ஒரு சாய்ப்பின் புகை மூன்றாவது காம்பிராவில் இருமலாகக் கேட்கும். தீ பிடித்தாலும் அதே வழியில்தான் ஓடும். லயத்துச் சுவரில் விறகு அடுப்புச் சாய்ப்பு இறக்கவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. தோட்ட நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தாலும் அப்படித்தான்.

சாய்ப்பு பொருந்தும் வீடும் உண்டு. தனி வீடாக இருக்க வேண்டும். கூரை விளிம்பு 9 அடிக்குக் குறையக் கூடாது, அப்போதுதான் வெளி விளிம்பு ஆறரை அடிக்கு மேல் நிற்கும். மழைக்காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அமைய வேண்டும். உள்ளே கேஸ் அடுப்பு மட்டும், அல்லது புகைக்குழாய் வைத்த விறகு அடுப்பு. இந்த நான்கும் அமைந்தால் தாராளமாக இறக்குங்கள். சுவரும் தகரமும் சேரும் இடத்தில் மட்டும் வெறும் சீமெந்தைப் பூசி விடாதீர்கள். வெயிலில் தகரம் நீளும், குளிரில் சுருங்கும், சீமெந்து ஒரு வருடத்தில் வெடிக்கும். சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, பிளாஷிங் தகட்டின் மேல் நுனியை அதில் செருகிப் பூசுங்கள். தகடு சுவரில் 6 அங்குலம் ஏறி நிற்க வேண்டும், தகரத்தின் மேல் 6 அங்குலம் படிய வேண்டும். கீழ் நுனியைத் தகரத்தோடு இறுக்க வேண்டாம், தகரம் அசைய இடம் வேண்டும்.

தனிக் கொட்டில்: சரிவை நீங்கள் தீர்மானிக்கலாம்

தள்ளிப் போடும் கொட்டிலின் பெரிய நன்மை, கூரையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது உங்கள் கையில் இருப்பதுதான். மழை வரும் பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரமாகவும் ஒற்றைச் சரிவுக் கூரை போடுங்கள். காற்று தகரத்தின் முதுகில் அடிக்கும், வயிற்றில் அடிக்காது. புகை சரிவோடு ஏறி, காற்று இல்லாத உயர்ந்த பக்கத்தால் வெளியேறும். தாழ்ந்த பக்கத் தூண் 7 அடி, உயர்ந்த பக்கத் தூண் 8 அடி 5 அங்குலம். தாழ்ந்த பக்கம் 2 அடி, உயர்ந்த பக்கம் 1 அடி வெளியே நீட்டம்.

வீட்டிலிருந்து 6 அடி தள்ளினால் போதும். அதற்குக் குறைந்தால் இரண்டு கூரைக்கும் நடுவில் புகை மேலே போக வழி இருக்காது. எந்தப் பக்கம் தள்ளுவது என்பதும் முக்கியம். வீட்டுக்குக் காற்று வரும் பக்கத்தில் கொட்டில் நின்றால் புகையெல்லாம் வீட்டுக்குத்தான். வீட்டுக்கு மறைவாகவோ, பக்கவாட்டிலோ நிற்கட்டும். மழையில் நடப்பதுதான் இதன் குறை. அதற்கு 3 அடி அகலத்தில் ஒரு சிறு தகர நடைக்கூரையைக் கொட்டிலின் சட்டத்தில் பொருத்தி, வீட்டுக் கூரை விளிம்புக்குக் கீழே தொடாமல் 6 அங்குலம் விட்டு நிறுத்தலாம்.

இடம்தான் பலருக்குத் தடை. தோட்ட வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் 7 பேர்ச் காணி கொடுக்கப்பட்டது. அது 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். கணக்குக்குத் தாராளம், ஆனால் அதில் சமதரை எவ்வளவு என்பதுதான் கேள்வி. வீட்டுக்குப் பின்னால் மண்மேடு, முன்னால் சரிவு. பின் மேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் குசினி போடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஈரம் அங்கேதான் கூடும், வெளிச்சம் வராது. இடம் போதாமல் மேட்டின் அடியை இன்னும் ஓரடி வெட்டுவோம் என்ற ஆசையும் அங்கேதான் வரும். மேட்டின் அடிமண் மேல்மண்ணைத் தாங்கி நிற்கிறது. அதை வெட்டிவிட்டு மழைக்காலத்தில் அதற்குக் கீழே நின்று சமைப்பது உயிரோடு விளையாடுவது. மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது தள்ளி நிற்பது நல்லது. மண்சரிவு எச்சரிக்கை உள்ள பகுதியானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை இல்லாமல் மண்ணில் கை வைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை அறிந்த யாருக்கும் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கடைகளில் விற்கும் மடக்குக் கூடாரத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஹப்புத்தளைக் காற்றுக்கு அது ஒரு பகல்கூடத் தாங்காது.

எந்தப் பக்கம் மூடுவது

மலையகம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் மேற்குச் சரிவும் ஊவாப் பக்கமும் இரண்டு வேறு நாடுகள். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். அங்கே தெற்கையும் மேற்கையும் மூடிவிட்டு வடகிழக்கைத் திறந்து வைக்கலாம். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அதே மாதங்களில் மழை குறைவு, மலையைத் தாண்டி வறண்ட காற்றுதான் வேகமாக இறங்கும். அங்கே பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, வடகிழக்கிலிருந்து. ஆகவே மேற்கில் காற்றுக்கும் வடகிழக்கில் மழைக்கும் மறைப்பு தேவை, திறப்பு தென்கிழக்கில். கண்டி, மாத்தளை போன்ற தாழ்ந்த இடங்களில் குளிர் பெரிதல்ல, இரண்டு பக்கம் மூடினாலே போதும்.

இது பொது வழி. உங்கள் இடுக்கில் காற்று வேறு மாதிரித் திரும்பலாம். வீட்டுச் சுவரையும் பழைய மரங்களையும் சுற்றி வந்து பாருங்கள். பாசி தடித்துப் பிடித்திருக்கும் பக்கம், சுவரடியில் மண் தெறித்த கறை உயரமாக ஏறியிருக்கும் பக்கம், அதுதான் மழைப்பக்கம். எந்தப் படத்தையும்விட இது துல்லியம்.

எவ்வளவு உயரம் மூடுவது என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 3 அடி அரைச்சுவர் வைத்தால் போதும் என்பார்கள். கணக்குப் போடுங்கள். தாழ்ந்த பக்கத்துக் கூரை விளிம்பு தரையிலிருந்து 6 அடி 8 அங்குலத்தில், தூணிலிருந்து 2 அடி வெளியே நிற்கிறது. மழை 45 பாகையில் சாய்ந்து அடித்தால், விளிம்பை உரசி வரும் துளி தூண் இருக்கும் இடத்தில் 4 அடி 8 அங்குல உயரத்தில் இருக்கும். 3 அடிச் சுவருக்கு மேலால் அது தாராளமாக நுழைந்து குசினியின் நடுப்பகுதியை நனைக்கும். அதே சுவரை 5 அடிக்கு எழுப்பினால் துளி சுவரின் வெளிப்புறத்தில் மோதி நின்றுவிடும். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் 2 அடி திறந்தே இருக்கும், அதனால் காற்று ஓடும். கூரை எத்தனை அடி வெளியே நீள்கிறதோ அத்தனை அடிதான் மேலே திறந்து விடலாம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீட்டம் ஓரடி என்றால் திறப்பும் ஓரடி.

பின்னால் 10 அடிச் சுவர், இரண்டு பக்கமும் 4 அடி வரை திரும்பும் சுவர். மேலிருந்து பார்த்தால் ‘ப’ வடிவம். நான்கு பக்கமும் மூடி யன்னல் வைத்தால் அது வெளிக் குசினி அல்ல, இன்னோர் அறை. புகைக்குழாய் இல்லாமல் அதற்குள் விறகு எரிப்பது கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு.

சுவருக்குப் புளொக் கல்லா, தகரமா? 16க்கு 8 அங்குல முகம் உள்ள 4 அங்குலப் புளொக் கல் நூற்றைந்து வரை போகும். சுவருக்கு அடியில் ஓரடி ஆழத்துக்குக் கருங்கல் அத்திவாரம் வேண்டும். நடுத்தூணோடும் மூலைத்தூண்களோடும் மூன்று வரிசைக்கு ஒருமுறை கம்பி கொடுத்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்ட 4 அங்குலச் சுவர் 5 அடி உயரத்தில் பலத்த காற்றுக்குச் சாயும். வெட்டாத கெட்டித் தரையானால் புளொக் கல் நல்லது, சூடும் பிடிக்கும். மண் நிரப்பிச் சமப்படுத்திய தரையானால் அது வருடா வருடம் கொஞ்சம் இறங்கும், சுவர் வெடிக்கும். அங்கே தூணில் குறுக்குச் சட்டம் அடித்துத் தகரம் மறைப்பதே சரி. அடுப்புக்குப் பின்னால் மட்டும் கல் வையுங்கள்.

கூரை

தகரம்தான். துத்தநாகம், அலுமினியம் பூசிய நெளித் தகரம், 0.47 மில்லிமீற்றர் தடிப்பு. இதைவிட மெல்லியது மலிவு, ஆனால் ஆணி ஓட்டைகள் காற்றில் கிழிந்து பெரிதாகும். தகரத்தின் அகலத்தைக் கேட்காதீர்கள், ஒன்றின்மேல் ஒன்று படிந்த பிறகு மூடும் அகலத்தைக் கேளுங்கள். இரண்டரை அடி மூடும் தகரமானால் பக்க நீட்டம் ஓரடி ஓரடியோடு 12 அடி நீளக் கூரைக்கு ஐந்து தகரம், ஒவ்வொன்றும் 11½ அடி. நீளத்தில் ஒட்டுப் போடாமல் ஒரே தகரமாக வாங்குங்கள். பக்கத்தில் ஒன்றரை நெளி படிய வேண்டும், படியும் வாய் மழைக்காற்று வரும் பக்கத்தைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியிருக்க வேண்டும். திருகாணி நெளியின் மேட்டில், ரப்பர் வொஷரோடு. வொஷர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் இரண்டு வருடத்தில் வெடித்து ஒழுகும்.

ஓடு அழகு. கண்டி, மாத்தளையில் பிரச்சினை இல்லை. ஆனால் சதுர மீற்றருக்கு 40 கிலோவுக்கு மேல் எடை, 25 பாகைக்கு மேல் சரிவு வேண்டும், அதனால் தூண் உயரமும் மரமும் கூடும். தலவாக்கலை, நுவரெலியா போன்ற காற்று வெளிகளில் சாரல் ஓட்டுக்கு நடுவால் உள்ளே தூவும்.

அஸ்பெஸ்டாஸ் சீட் வேண்டாம். வெட்டும்போதும் துளைக்கும்போதும் வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு. அடுப்புச் சூடு நேராகப் பட்டால் சத்தத்தோடு வெடித்துச் சிதறவும் செய்யும். வீட்டுக் கூரை மாற்றியபோது கழற்றிய பழைய சீட்டுகள் சும்மா கிடக்கின்றனவே என்று கொட்டிலுக்குப் போடுவது இன்னும் மோசம். மானாப்புல் வேய்வது விறகு அடுப்புக்கு மேலே நினைத்தும் பார்க்கக் கூடாதது. வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி நார்ச் சீட் போடலாம், அடுப்புக்கு நேர் மேலே அல்ல, பாத்திரம் கழுவும் பக்கம்.

குளிர் இரவில் தகரத்தின் அடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்து, காலையில் அடுப்பு மூட்டியதும் சொட்டும். இதற்காகச் சிலர் வெள்ளித் தாள் ஒட்டிய நுரைச் சீட்டை அடியில் விரிக்கிறார்கள். அது பிளாஸ்டிக். தீப்பொறி பட்டால் உருகி எரிந்து சொட்டும். 10 பாகைச் சரிவு இருந்தால் நீரில் ஒரு பகுதியாவது தகரத்தோடு வழிந்து விளிம்புக்குப் போய்விடும்.

கூரைத் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். இந்த அளவுக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 600 லீற்றருக்கு மேல் தண்ணீர். மேற்குச் சரிவில் அது ஒரு பொழுதுக்குள் பெய்துவிடும் அளவு. 5 அங்குலப் பீலியும் 3 அங்குலப் பைப்பும் வைத்து இருக்கும் கானுக்குக் கொண்டுபோய் விடுங்கள். சரிவு விளிம்பில் கொட்டவிட்டால் கொட்டிலின் கீழ் மண்ணை நீங்களே அரிக்க விடுகிறீர்கள். தொட்டித் தண்ணீரும் அப்படியே.

தூணும் பிடிப்பும்

திறந்த கொட்டிலுக்குப் பயம் பாரத்தில் இல்லை, தூக்கலில் இருக்கிறது. ஐந்து தகரமும் சேர்ந்து 55 கிலோ அளவுதான் இருக்கும். மணிக்கு 90 கிலோமீற்றர் காற்று அடியில் புகுந்தால் இந்தக் கூரையை 500 கிலோ அளவு விசையோடு மேலே இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது தூணடியில் இருக்கும் கொங்கிரீட்டின் எடை. ஓரடிக்கு ஓரடி அகலம், இரண்டடி ஆழம் என்று குழி வெட்டி 1:2:4 கலவை (சீமெந்து, மணல், சல்லிக்கல்) நிரப்பினால் ஒரு குழியில் 135 கிலோ அளவு சேரும். நாலு தூண் என்றால் 540, மயிரிழையில் தப்பும். ஆறு தூண் என்றால் 800ஐத் தாண்டும். நீளப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு தூண் வையுங்கள். சீமெந்து இரண்டு பைக்குச் சற்று மேல் போகும்.

மரத்தூணை மண்ணில் நட வேண்டாம். தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் மண் மட்டத்தில் ஈரமும் காற்றும் சேருமிடத்தில் சீக்கிரம் உக்கிவிடும். கொங்கிரீட்டைத் தரைக்கு மேல் 6 அங்குலம் எழுப்பி, அதில் பதித்த இரும்புத் தட்டில் தூணை போல்ட் போட்டு நிறுத்துங்கள். 4 அங்குலச் சதுர யூக்கலிப்டஸ் மரம் இதற்கு நன்று. இரும்பு என்றால் துத்தநாகம் பூசிய 2 அங்குல ஜீஐ பைப். பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) மலிவு, ஆனால் மெல்லிய வகை உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். 2 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பில் வாங்கி, மேல் வாயை மூடி வெல்ட் செய்யுங்கள். வெல்ட் செய்த ஒவ்வோர் இடத்திலும் துருத் தடுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு. எந்தச் சட்டமானாலும் கைமரம் வளையோடு சேரும் இடத்தில் ஆணியை நம்ப வேண்டாம், தகட்டுப் பட்டியோ போல்டோ போடுங்கள். ஆணி பாரத்தைத் தாங்கும், மேல்நோக்கிய இழுப்புக்கு உருவிக்கொண்டு வந்துவிடும்.

தரைக்கு 3 அங்குலக் கொங்கிரீட் போதும், 1:3:6 கலவை, சீமெந்து இரண்டரைப் பை. சுற்றியுள்ள மண்ணைவிட 6 அங்குலம் உயர்த்தி, 8 அடி அகலத்துக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுத்து, துடைப்பத்தால் கீறி விடுங்கள். கண்ணாடி மாதிரி இழைத்த தரையில் மூன்றாம் மாதம் பாசி, நாலாம் மாதம் வழுக்கல்.

அடுப்பு

கேஸா விறகா என்று கேட்டால், கேஸை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே விறகை வையுங்கள் என்போம். திறந்த குசினியில் கேஸ் சுடர் காற்றில் சாயும், பாதிச் சூடு சட்டிக்குப் போகாது. சுடர் அணைந்தால் வாயு வந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். வெளியேதான் வைக்க வேண்டும் என்றால் சுவரின் அடியில் இரண்டு பக்கத்திலும் 6 அங்குலச் சதுரத் துவாரம் விடுங்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும், விறகு அடுப்பிலிருந்து 10 அடி தள்ளி. 10 அடிக் குசினிக்குள் அது முடியாது, ஆகவே சிலிண்டர் சுவருக்கு வெளியே தனிக் கூட்டில். நுவரெலியாக் குளிர்காலையில் கடைசிக் கால்வாசிக் கேஸ் சரியாக எரியாமல் சோர்வது சிலிண்டரின் பிழையல்ல. குளிரில் பியூட்டேன் மெதுவாகத்தான் ஆவியாகும். சிலிண்டரைச் சூடுகாட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

விறகில் மூன்று வகை. மூன்று கல் அடுப்புக்குச் செலவே இல்லை, ஆனால் சூட்டின் பெரும்பகுதி பக்கவாட்டில் போகும். பெரிய அண்டா, கலியாண வீட்டுச் சமையலுக்கு ஒரு மூலையில் இடம் விட்டு வைத்தால் போதும். நாளாந்தச் சமையலுக்கு இரட்டைக் குழி அனகி மண் அடுப்பு. முதல் குழியில் எரியும் நெருப்பு சுரங்கம் வழியாக இரண்டாவது குழிக்குப் போகும். முதல் குழியில் சோறு, இரண்டாவதில் கறி அல்லது சுடுதண்ணி. இரண்டாவது குழியில் சட்டி வைக்காமல் எரித்தால் சூடும் புகையும் அதன் வழியே வீணாகும். வெறும் தண்ணீர்ச் சட்டியாவது இருக்க வேண்டும்.

அனகியை இரண்டு, இரண்டரை அடி உயர மேடையில் வைத்துச் சுற்றிலும் களிமண் பூச வேண்டும். களிமண்ணோடு மணலும் உமியும் சாணமும் கலந்து, மூன்று நான்கு அங்குலம் தடிப்பாக. சீமெந்து பூசாதீர்கள். சுட்ட மண்ணும் சீமெந்தும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை, அடுப்பு பிளந்துவிடும். பூச்சு நிழலில் ஒரு வாரம் காயட்டும். முதல் நாள் சுள்ளி நெருப்பு மட்டும். விறகு வாய் மழைக்காற்றுக்கு நேராகவும் இருக்கக் கூடாது, முதுகு காட்டியும் இருக்கக் கூடாது, குறுக்காக இருக்கட்டும். நேராக இருந்தால் விறகு தாறுமாறாக எரிந்து தீரும், முதுகு காட்டினால் புகை சமைப்பவர் முகத்துக்கு வரும்.

மூன்றாவது, செங்கல்லில் கட்டிப் புகைக்குழாய் வைத்த அடுப்பு. பக்கத்து வீடு நெருக்கமாக உள்ள இடத்துக்கும் சாய்ப்புக்கும் இதுதான். குழாய் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 4 அங்குலக் குழாய் ஈர விறகின் தாரில் அடைபட்டுவிடும். பீவீசீ உருகும், அஸ்பெஸ்டாஸ் பைப் வெடிக்கும், தகரக் குழாய்தான் சரி. கூரையைத் துளைக்காமல் சுவர் வழியாக வெளியே எடுத்து மேலே ஏற்றினால் ஒழுக்கு இல்லை. மரத்திலிருந்து 18 அங்குலம் தள்ளியும் கூரையின் உச்சிக்கு 2 அடி மேலாகவும் போக வேண்டும். பின்னால் மலை உயர்ந்திருந்தால் காற்று மேலிருந்து இறங்கிப் புகையைத் திருப்பித் தள்ளும், குழாய்க்குத் தொப்பி போடுங்கள். மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் இந்த அடுப்பு மூன்று கல்லைவிட மோசமாகப் புகையும்.

எந்த அடுப்பானாலும் விறகுக்கு மேடையின் அடியில் இடம் வேண்டும். கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகள்) இந்த அடுப்புகளுக்கென்றே அமைந்த தடிப்பு, ஒன்றிரண்டு அங்குலம், நின்று எரியும். வெட்டியவுடன் அதில் எடையில் பாதி அளவு தண்ணீர்தான். கூரைக்குக் கீழே, தரையிலிருந்து உயர்த்தி, காற்றோடும்படி அடுக்கி இரண்டு மாதமாவது விட வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடும். அதனால் கடலையும் போஞ்சி விதையும் வேகக் கூடுதல் நேரம், கூடுதல் விறகு. பிரஷர் குக்கரை வெளி அடுப்பில் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் முதல் குழியை அதன் அடிக்குப் பொருந்தும் அளவாகப் பார்த்து வாங்குங்கள்.

வேலையை மேற்குப் பக்கத்தில் ஜனவரி கடைசியில் தொடங்கினால் மே மழைக்கு முன் முடியும். ஊவாவில் பெப்ரவரி, மார்ச். ஜூலை காற்றில் தகரம் ஏற்ற வேண்டாம், பிடிப்பவர் கையை வெட்டும். தூண் கொங்கிரீட்டை ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வைத்து, அதன் பிறகே கூரை ஏற்றுங்கள். கூரை ஏறிய அன்றே மிலாறு அடுக்கத் தொடங்கிவிடலாம். தரையும் சுவரும் அடுப்பும் முடிவதற்குள் அது காய்ந்து வரும்.